கிரைண்டர் சுருதியில் ஒரு மோகனம்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து வாய்ப்பாட்டு கற்கிறாள். சரளி வரிசையில் தொடங்கி கீதம், வர்ணம் எல்லாம் முடித்து, இருபது கீர்த்தனைகள் வரை பாடம் ஆகியிருக்கிறது. இரவு பதினொன்று வரை படித்தாலும் காலை நாலரைக்கு எழுந்து சாதகம் செய்துவிடுவாள். போன மாதம் வகுப்பில் ஆசிரியை முதல் முறையாக அவளை ராகம் பாடச் சொன்னார். இரண்டு பிடி (ராகத்தின் சிறு துணுக்கு) பாடிவிட்டு நின்றுவிட்டாள். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், "குரல் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, ஞானம் இல்லை. அது பிறவியிலேயே வர வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது" என்று சொல்லிவிட்டார். அதே வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அழகாக ஆலாபனை செய்கிறாள். அவளுடைய தாத்தா நாகஸ்வரக் கலைஞர். "மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒன்பது வயதில் கச்சேரி செய்யவில்லையா?" என்றும் ஆசிரியை கேட்டாராம்.

அன்று இரவு மகள் என்னிடம், "ஞானம் பிறக்கும்போதே வருமா, அம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வாரமாகச் சுருதிப் பெட்டியைத் தொடவில்லை. ஒரு வருடமாக மேல் ஸ்தாயியில் குரலும் எழும்பவில்லை, காற்றுதான் வருகிறது. கொஞ்சம் விளையாட்டுப் புத்தியும் உண்டு. கிரைண்டரில் மாவு ஓடும்போது அந்தச் சத்தத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு மோகன ராகத்தில் எதையாவது பாடிக்கொண்டிருப்பாள். வர்ணம் போலத் தொடங்கும், வேறு எங்கோ போகும். "ஒழுங்காகப் பாடக் கூடாதா?" என்று திட்டுவேன். இப்போது அதுவும் இல்லை. "பத்தாம் வகுப்பு வருகிறது, நிறுத்திவிடலாம்" என்கிறார் கணவர். நிறுத்திவிடலாமா?

பின்குறிப்பு: எனக்கும் சிறு வயதில் பாட்டு கற்க ஆசை இருந்தது. 43 வயதாகிறது. இனிமேல் கற்க முடியுமா?

– ஒரு தாய், கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் கேள்வியைவிட உங்கள் மகளின் கேள்விதான் என்னை அதிகம் வருத்தியது. அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பதின்பருவத்துப் பிள்ளைகளோடு பேசுவதே இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தொழில். "எனக்குக் கணக்கு வராது", "எனக்குக் கை வராது" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதை உன்னிடம் முதலில் சொன்னது யார்? யாரோ ஒருவர் இருப்பார். எனக்கும் இருந்தார். ஏழாம் வகுப்பில் நான் வரைந்த தென்னை மரத்தை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "சிலருக்குக் கை அப்படி, என்ன செய்தாலும் கோடு பேசாது" என்றார் ஓவிய ஆசிரியர். அதன்பின் நான் வரையவே இல்லை. அவர் சொன்னது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்த்திருக்க வேண்டிய ஆண்டுகள் எல்லாம் வரையாமலே கழிந்துவிட்டன. உங்கள் மகள் மூன்று வாரமாகப் பாடவில்லை என்று படித்தபோது எனக்குப் பதைத்தது அதனால்தான்.

"பிறக்கும்போதே வருமா?" என்ற கேள்விக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பதில் ஔவையாருடையது. "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று அந்த வெண்பாவின் முதல் அடியைச் சொல்லாத வீடு இல்லை. அதன் முடிவை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை: "நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்." வரைவதையும் பேசுவதையும் கற்பதையும் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டு, பிறவியோடு வருபவை என்று நட்பையும் இரக்கத்தையும் ஈகையையும் மட்டும் ஒதுக்கி வைக்கிறார் அந்தப் பாட்டி. நாம் இன்று தலைகீழாகப் பேசுகிறோம். அன்பாக இருப்பதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், பாட்டு மட்டும் பிறவியில் வர வேண்டும் என்கிறோம்.

ஔவையின் பதிலோடு நிறுத்திக்கொண்டால் நான் உங்களுக்கு உண்மையைப் பாதிதான் சொன்னவளாவேன். பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புடைய தண்டி, வடமொழியில் எழுதிய அணி இலக்கண நூலில் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறார். நம் தண்டியலங்காரத்துக்கு மூலம் அந்த நூல்தான். கவிதைச் செல்வத்துக்குக் காரணம் மூன்று என்கிறார்: இயல்பாக அமைந்த பிரதிபை (படைக்கும் திறன்), நிறையக் கேட்டுத் தெளிந்த அறிவு, தளராத முயற்சி. அடுத்த செய்யுளில் அவர் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முற்பிறவி வாசனையால் வரும் அந்த அற்புதமான பிரதிபை ஒருவனுக்கு இல்லாமலே போனாலும், கேள்வியாலும் முயற்சியாலும் வாக்குத் தேவியை வழிபட்டால் அவள் ஏதேனும் ஓர் அருளை நிச்சயம் செய்வாள் என்கிறார். பிறவித் திறனை அவர் மறுக்கவில்லை. அது இல்லாதவனை வாசலில் நிறுத்தவும் இல்லை.

நடுவில் இருக்கும் "கேள்வி" என்ற சொல்லைக் கவனியுங்கள். வடமொழியில் அவர் பயன்படுத்தும் சொல்லுக்கும் "கேட்கப்பட்டது" என்றுதான் பொருள். இசை உலகம் தினமும் புழங்கும் "கேள்வி ஞானம்" என்ற தொடரே, ஞானம் காது வழியாக வருகிறது என்பதற்குச் சாட்சி. உங்கள் மகள் ஆறு ஆண்டுகளில் எத்தனை மணி நேரம் பாடினாள் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எத்தனை மணி நேரம் கேட்டாள்? எத்தனை கச்சேரிகளுக்குப் போனாள்? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

மேற்கிலும் இந்த வழக்கு பழையது. கவிஞனுக்குள் தெய்வம் புகுந்து பாடுகிறது என்பதைப் பிளேட்டோ காந்தக் கல்லை உவமையாக்கிச் சொன்னார்: காந்தம் ஓர் இரும்பு வளையத்தை இழுக்கிறது, அந்த வளையம் இன்னொன்றை இழுக்கிறது, தெய்வத்திடமிருந்து கவிஞனுக்கும், அவனிடமிருந்து பாடுபவனுக்கும், அவனிடமிருந்து கேட்பவனுக்கும் அதே ஈர்ப்பு இறங்குகிறது. 1790-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட், மேதை என்பவன் கலைக்கு விதியைத் தருபவன், அந்த விதியை எப்படிக் கண்டான் என்று அவனாலேயே விளக்க முடியாது என்றார். உங்கள் ஆசிரியை சொன்ன "சொல்லிக்கொடுத்து வராது" என்பதன் வேர் நம் மரபில் மட்டும் இல்லை, அங்கேயும் இருக்கிறது.

இதற்கு எதிராக இன்னொரு ஜெர்மானியத் தத்துவ அறிஞர் நீட்சே 1878-இல் எடுத்துக்காட்டியது பீத்தோவனின் குறிப்பேடுகளை. நாம் வானத்திலிருந்து விழுந்தவை என்று நம்பும் மெட்டுகள் அந்த ஏடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்திருக்கின்றன. எழுதுவதும் அடிப்பதும் மாற்றுவதும் மறுபடி எழுதுவதுமாக. கலைஞனின் மனம் நல்லது, சுமாரானது, மோசமானது எல்லாவற்றையும் ஓயாமல் உண்டாக்குகிறது. தேர்ந்தெடுக்கும் தீர்ப்புதான் கூர்மையாகிக்கொண்டே போகிறது என்பது அவர் வாதம். மோசார்ட் ஒரு முழுப் படைப்பையும் மனத்துக்குள்ளேயே முடித்துவிட்டுப் பிறகு தாளில் இறக்கிவைப்பார் என்று உலகம் நம்பியதற்குப் பெரிய காரணம் 1815-இல் அவர் பெயரில் அச்சான ஒரு கடிதம். அது போலி என்பது பிறகு தெரியவந்தது. அவருடைய தந்தை லியோபோல்ட், மகன் பிறந்த அதே 1756-இல் வயலின் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டவர். அந்தக் குழந்தைக்குக் கண் திறக்கும்போதே வீட்டில் ஐரோப்பாவின் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார்.

இங்கேதான் அந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு வருகிறேன். அவள்மீது உங்களுக்கோ மகளுக்கோ வருத்தம் வேண்டாம். நன்றாகப் பாடும் குழந்தையைக் கேட்பது பாக்கியம். ஆனால் அவள் பாடுவது தாத்தாவின் ரத்தமா, தாத்தாவின் திண்ணையா? 1869-இல் கால்டன் என்ற ஆங்கிலேயர், மேதைமை குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது, ஆகவே அது பரம்பரைச் சொத்து என்று வாதிட்டார். தலைமுறை தலைமுறையாக இசைக் கலைஞர்களாக இருந்த குடும்பங்களையும் சான்றாகக் காட்டினார். அந்த வாதத்தில் பெரிய ஓட்டை உண்டு. குடும்பம் குழந்தைக்கு உயிரணுவை மட்டும் தருவதில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஓசையையும் தருகிறது. நாகஸ்வரத்தின் ஊதும் நாணலான சீவாளியைச் சரிபார்க்கும் சத்தத்திலும், விடியற்காலைச் சாதகத்திலும், தோடி இப்படியா அப்படியா என்ற வாக்குவாதத்திலும் வளர்ந்த குழந்தைக்கு ஆலாபனை தாய்மொழி மாதிரி. உங்கள் மகளுக்கு அது எட்டு வயதில் தொடங்கிய இரண்டாம் மொழி. இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தி அளப்பது நியாயம் ஆகாது.

ஸ்ரீநிவாஸையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1969-இல் ஆந்திரத்தின் பாலக்கொல்லுவில் பிறந்தவர். 1978-இல் குடிவாடாவில் முதல் கச்சேரி. அவரிடம் அரிய பிறவித் திறன் இருந்தது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. அதோடு தந்தையும் இசைக் கலைஞர், மாண்டலின் வீட்டிலேயே இருந்தது. குருவாக வாய்த்த ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயால் பாடுவார், சிறுவன் அதைத் தந்திகளில் தேடிக் கண்டுபிடிப்பான். யோசித்துப் பாருங்கள்: எந்த விரலை எங்கே வைப்பது என்று ஒருவரும் காட்டாத பாடம் அது. ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். படைப்பதற்கு அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தோன்றவில்லை.

இனி அறிவியல். இரண்டு தரப்பையும் சொல்கிறேன், ஏனென்றால் ஊக்கப் பேச்சாளர்கள் ஒன்றை மட்டும் சொல்கிறார்கள்.

1993-இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர் குழுவினரும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்துக்கும் மேல் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். "பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதை ஆகலாம்" என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியது. எரிக்சன் அப்படிச் சொல்லவில்லை. அது ஒரு சராசரி, அவ்வளவுதான். அவர் வலியுறுத்தியது பயிற்சியின் தன்மையை: எது வரவில்லையோ அதை எடுத்துக்கொண்டு, கூர்ந்து கவனித்து, திருத்தித் திருத்திச் செய்வது. தெரிந்த கீர்த்தனையை நூறாவது முறை பாடுவது அந்தக் கணக்கில் வராது. அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது, அதை யாரும் பேசுவதில்லை. சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள். இரவு பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழும் உங்கள் மகளுக்கு ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கிறது. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். கற்றது மனத்தில் நன்றாகப் படியத் தூக்கமும் வேண்டும். நாலரை மணிச் சாதகத்தை இன்றே நிறுத்துங்கள். மாலையில் அரை மணி நேரம் போதும்.

மறுதரப்பு இது. 2014-இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, இசையில் ஒருவருக்கொருவர் காணும் திறமை வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தையே திட்டமிட்ட பயிற்சியால் விளக்க முடிந்தது. அதே ஆண்டு சுவீடனில் 10,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களைக் கொண்டு நடந்த ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் மற்றவரைவிட எத்தனையோ மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்திருந்தாலும், சுருதியையும் லயத்தையும் மெட்டையும் பிரித்தறியும் திறனில் இருவருக்கும் வேறுபாடு தென்படவில்லை. பயிற்சி செய்யும் நாட்டமே ஓரளவு பரம்பரையால் வருகிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ஆகவே உங்கள் மகளிடம் "எல்லாம் உழைப்புதான், கண்ணு" என்று சொல்லிவிடாதீர்கள். அது உண்மை இல்லை. நாளை அவளைவிடக் குறைவாக உழைத்து நன்றாகப் பாடும் ஒருத்தியைப் பார்ப்பாள், அப்போது உங்களையும் நம்ப மாட்டாள், தன்னையும் நம்ப மாட்டாள்.

ஆனால் அந்த இரட்டையர் ஆய்வு எதை அளந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்து, ஒன்றா வேறா என்று கேட்டார்கள். அது காதின் கூர்மை. ஒரு வர்ணத்தை மூன்று காலத்தில் பாடுவதையோ, மோகனத்தை விரித்துப் பாடுவதையோ யாரும் அதில் அளக்கவில்லை. பழகாமல் அவை யாருக்கும் வந்ததும் இல்லை. மீதமுள்ள 79 சதவீதமும் பிறவித் திறன் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. எந்த வயதில் தொடங்கினோம், எப்படிப்பட்ட ஆசிரியர் வாய்த்தார், வீட்டில் என்ன ஒலித்தது, மேடை பயம் உண்டா என்பதெல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன.

பிறவி என்று நாம் சத்தியம் செய்வதில் சில பழக்கம் என்று தெரியவந்திருக்கிறது. எந்தத் துணையும் இல்லாமல் ஒரு ஸ்வரத்தைக் கேட்டதும் அதன் பெயரைச் சொல்லும் திறனை வெகுகாலம் கடவுள் கொடுப்பினை என்றே நினைத்தார்கள். ஜப்பானில் இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்ட 24 குழந்தைகளுக்கு நாள்தோறும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இருவர் இடையில் நின்றுவிட்டார்கள். தொடர்ந்த 22 பேருக்கும் அந்தத் திறன் வந்துவிட்டது. நம் இசைக்கு அது அவ்வளவாகத் தேவையும் இல்லை. அவரவர் குரலுக்கு ஏற்ற கட்டையை (சுருதியின் உயரத்தை) வைத்துக்கொண்டு, அந்த ஆதார ஸட்ஜத்திலிருந்து (முதல் ஸ்வரமான "ஸ"-விலிருந்து) மற்ற ஸ்வரங்களின் தூரத்தை உணர்வதுதான் நமக்கு வேண்டியது.

இப்போது கிரைண்டருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் நான்கு முறை திரும்பப் படித்த வரிகள் அவை. நீங்கள் அதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள்.

கிரைண்டர் எந்தக் கட்டையில் ஓடும்? வகுப்பில் பாடும் கட்டையில் நிச்சயமாக ஓடாது. அப்படியானால் அந்த இரைச்சலுக்குள் ஒரு ஸட்ஜத்தைப் பிடித்து, அதற்கேற்பத் தன் மோகனத்தை இடம் மாற்றி நிறுத்திக்கொண்டு பாடியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காத வேலை அது. "வர்ணம் போலத் தொடங்கும், வேறு எங்கோ போகும்" என்கிறீர்கள். சகோதரி, பாடம் ஆன ஒன்றிலிருந்து புறப்பட்டு, பாடத்தில் இல்லாத இடத்துக்குப் போவதற்குச் சங்கீதத்தில் மனோதர்மம் என்று பெயர். வகுப்பில் இல்லை என்று சொல்லப்பட்டது உங்கள் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அவள் பாடிக் கேட்கவில்லை. பெரிய வித்வாம்சினி ஆவாள் என்று இதை வைத்துச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. விதை இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பிறகு ஏன் வகுப்பில் வாயடைத்தாள்? 2008-இல் அமெரிக்காவில் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மடியில் சிறிய பிளாஸ்டிக் கீபோர்டை வைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடம் செய்ததை வாசித்தபோதும், அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தபோதும் மூளை வேறு வேறாக இயங்கியது. கற்பனையாக வாசிக்கும்போது, நம்மை நாமே கண்காணிப்பதோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகள் அடங்கின. உள்ளிருந்து எழுவதை வெளிப்படுத்துவதோடு தொடர்புடைய நடுப்பகுதி கூடுதலாக இயங்கியது. ஆறு பேர் மட்டும்தான், ஆகவே இதை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். ஆனால் என் அறையில் நான் தினமும் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. "தப்பாகிவிடுமோ" என்று கண்காணிக்கும் மனம் விழித்திருக்கும்வரை புதியது எதுவும் எழாது. ஆறு ஆண்டுகள் ஒரு ஸ்வரம் பிசகினாலும் திருத்தப்பட்டுப் பழகிய பெண்ணை, ஒரு நாள் திடீரென்று இருபது கண்களுக்கு முன்னால் "உன் இஷ்டத்துக்குப் பாடு" என்றால் அவள் எப்படிப் பாடுவாள்? கிரைண்டரின் பக்கத்தில் யாரும் அவளுக்கு மதிப்பெண் போடவில்லை. நீங்கள் திட்டியும் அவள் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறாள் என்றால், அது எவ்வளவு பிடித்திருக்க வேண்டும்!

அந்தப் பிடித்தத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது எளிதில் வாடும். 1973-இல் மழலையர் பள்ளி ஒன்றில் படம் வரைவதை விரும்பிய மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் சிலருக்கு, "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து அதே வண்ணப் பேனாக்களைச் சும்மா மேசைமேல் வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். எதையும் எதிர்பார்க்காமல் வரைந்த குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. போட்டி, கோப்பை, யூடியூப் வீடியோ எதுவும் இரண்டு வருடத்துக்கு உங்கள் மகளுக்கு வேண்டாம் என்று நான் நினைக்கிறேன்.

குரலைப் பற்றி: பையன்களுக்குக் குரல் உடைவது எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்கும் இந்த வயதில் குரல்வளை வளர்கிறது, குரல் சற்று இறங்குகிறது, மேல் ஸ்தாயியில் காற்று கலந்து வருகிறது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஒரு வருடமாகப் பழைய கட்டையிலேயே இழுத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள் என்றால், அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாட ஆசிரியையிடம் அனுமதி கேளுங்கள். தொடர்ந்து கரகரப்போ வலியோ இருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கம் இல்லாத குரலும் எழும்பாது.

ஆசிரியையிடம் நீங்கள் தனியாகப் போய்ப் பேசுங்கள், மகளை அழைத்துச் செல்லாதீர்கள். சண்டைக்குப் போக வேண்டாம். இருபது கீர்த்தனைகள் வரை கொண்டுவந்தவர் அவர். அந்த நன்றியைச் சொல்லித் தொடங்குங்கள். பிறகு கிரைண்டர் கதையைச் சொல்லுங்கள். "ராகம் பாடுவதை அவளுக்குப் படிப்படியாகச் சொல்லித்தர முடியுமா? நீங்கள் ஒரு பிடி பாட, அவள் அதற்குப் பதிலாக ஒரு பிடி பாட?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் என்றால் முகம் மலரும். "அது வராது" என்று மறுபடியும் சொன்னால், வணங்கிவிட்டு வேறு ஆசிரியரைத் தேடுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி நல்ல ஆசிரியர்களுக்குப் பஞ்சம் இல்லை.

ஊரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது: காவிரிக்கரை நாகஸ்வர பூமியில் இருந்துகொண்டு அந்தப் பெண் நாகஸ்வர ஆலாபனையை நேரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாளா? கோயில் புறப்பாட்டின்போது அழைத்துச் செல்லுங்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும்போது ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். அதில் மோகனம் வந்ததா என்று கேட்டுச் சோதிக்காதீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். ராஜசேகரர் என்ற பழைய அறிஞர், படைக்கும் பிரதிபை ஒன்று, அதை நுகர்ந்து உணரும் பிரதிபை ஒன்று என்று இரண்டாகச் சொன்னார். இரண்டாவதுக்கும் அவர் "பிரதிபை" என்ற அதே பெயரைக் கொடுத்தார் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் மகள் ஒருவேளை மேடைப் பாடகி ஆகாமல், இசையை உயிராகக் கேட்கும் ஒரு மருத்துவராகவோ ஆசிரியையாகவோ ஆகலாம். அந்த ஆறு ஆண்டுகள் அப்போதும் அவளிடம்தான் இருக்கும்.

கணவருக்கு: பத்தாம் வகுப்பு வருவது உண்மைதான். வாரம் இரண்டு வகுப்பை ஒன்றாகக் குறைக்கலாம். முழுவதும் நிறுத்தினால், "ஞானம் இல்லை என்பதால் நிறுத்தினார்கள்" என்றுதான் அவள் மனத்தில் பதியும். தேர்வுக்குப் பிறகு அதை அழிப்பது கடினம்.

மகளிடம் என்ன சொல்வது? உட்காரவைத்துப் பெரிதாகப் பேச வேண்டாம். அடுத்த முறை மாவு அரைக்கும்போது அவள் பக்கத்தில் இருந்தால், இப்படிச் சொல்லுங்கள்: "நீ கேட்டாயே, பிறக்கும்போதே வருமா என்று. கொஞ்சம் வரும், யாருக்கு எவ்வளவு என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. டீச்சராலும் முடியாது, என்னாலும் முடியாது. நீ இங்கே பாடிக்கொண்டிருந்ததை நான் புரியாமல் திட்டிவிட்டேன், மன்னித்துக்கொள். எனக்கு அது வேண்டும்." பிறகு அவள் பாடினாலும் பாடாவிட்டாலும் உங்கள் வேலையைப் பாருங்கள். மறுநாளே பாட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மாதம் ஆனாலும் மௌனம் கலையவில்லை என்றாலோ, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றிலும் சோர்வு தெரிந்தாலோ, அருகில் உள்ள மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. 43 வயதில் தாராளமாகத் தொடங்கலாம். பிறவியிலேயே சுருதி வேறுபாடு கேட்காதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மகள் "வேறு எங்கோ" போனதைக் கண்டுபிடித்த காது உங்களுடையது, ஆகவே அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். ஆனால் மகளிடமே கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை வந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அவள் ஆசிரியையிடமும் போக வேண்டாம். வேறொருவரிடம், வேறொரு நேரத்தில், உங்கள் பெயரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போங்கள். சரளி வரிசையை வீட்டில் நீங்கள் தப்பும் தவறுமாகப் பாடுவது அவள் காதில் விழட்டும்.